கம்சாயினி அழித்த பதிவு

பதிவை அழித்துவிட்டால் பேச்சும் அடங்கிவிடும் என்று நம்பித்தான் கம்சாயினி நேற்று அதை அழித்தாள். காலையில் எழுந்து பார்த்தால் பேச்சு இரண்டு மடங்காகியிருந்தது.

தங்கை தனுஷியா குசினி வாசலில் வழிமறித்து நின்று, தன் போனை அக்காவின் காதுக்கருகே பிடித்தாள். தனுஷியாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை நிதுர்ஷன் அனுப்பிய குரல்.

"தனு, அம்மா வெள்ளிக்கிழமை வெத்திலை மாத்த வரல்லையாம். ஒளிக்க ஒண்டும் இல்லாட்டி ஏன் அழிச்சாங்க எண்டு பெரியம்மா சுவிஸில இருந்து கேக்கிறா. நான் என்னத்தச் சொல்லுற?"

தனுஷியா போனை நிறுத்தினாள். அழுது முடித்த முகம்.

"கேட்டயா? இப்ப நிம்மதியா உனக்கு?"

"அத்தான்தான் அழிச்சிரு எண்டவர்," என்றாள் கம்சாயினி. சொல்லும்போதே அது எவ்வளவு நொண்டிச் சாட்டு என்று அவளுக்குத் தெரிந்தது. கணவன் சுதாகரன் வேலைக்கு ஓடும் அவசரத்தில், சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்ன யோசனை அது. அவனுக்கு இரவு வேலை; இன்னும் வீடு வந்து சேரவில்லை. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

நிதுர்ஷன் கொக்கட்டிச்சோலைப் பையன். மண்முனைப் பாலத்தால் வரும் பஸ்ஸில் தனுஷியாவுக்கு இடம் பிடித்துக் கொடுக்கத் தொடங்கி, போன கிழமை பெரியவர்கள் வாயாலேயே சம்மதம் வரும் வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தவன். அன்றைக்குத் தேற்றாத்தீவில் இதே வீட்டு விறாந்தையில் அவனுடைய தாய் இரத்தினம்மா, பெண்ணின் அப்பா வினாயகமூர்த்தியை "அண்ணன்" என்று கூப்பிட்டபோது எல்லோருக்கும் மனம் குளிர்ந்தது. இரண்டு பேரும் நல்லப்போடி குடி. ஒரே குடியில் பிறந்தவர்கள் கூடப் பிறந்தவர்கள் மாதிரி.

இந்தப் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய் வழியாகத்தான் வரும். தகப்பனுடைய குடி பிள்ளைக்கு ஒட்டாது. ஆகவே நிதுர்ஷன் நல்லப்போடி குடி. தனுஷியா தன் தாய் சீதேவியின் வில்லியார் குடி. அண்ணன் முறையானவரின் மகள், தங்கை முறையானவளின் மகனுக்கு மச்சாள், கட்டிக்கொள்ளும் முறை. தேடினாலும் கிடைக்காத பொருத்தம்.

அந்தப் பொருத்தத்தில்தான் கம்சாயினி மண்ணைப் போட்டாள். தன்னுடைய வலைப்பூவில் "நாங்கள் நல்லப்போடி குடி" என்று எழுதிவிட்டாள். பெண்ணும் அதே குடி, மாப்பிள்ளையும் அதே குடி என்றால் இரண்டு பேரும் அண்ணனும் தங்கையும். இந்த வாவியின் எந்தக் கரையிலும் அப்படியொரு கலியாணத்துக்கு ஒருவரும் வெற்றிலை மாற்ற மாட்டார்கள்.

ஏன் எழுதினாள்?

அதைத்தான் நேற்றிலிருந்து அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வலைப்பூவுக்கு "வாவிக்கரை" என்று பெயர் வைத்து இரண்டு வருடமாகிறது. ஒருவரும் வாசிக்கவில்லை. முதலில் சமையல் எழுதினாள். பிறகு பயணம், பிறகு பிள்ளை வளர்ப்பு. அவளுக்குப் பிள்ளையே இல்லை. மாதத்துக்கொரு தடவை நிறத்தை மாற்றினாள், எழுத்துருவை மாற்றினாள். விளம்பரம் போட்டால் நல்லது என்று யாரோ சொல்ல, அதையும் போட்டாள். கோயில் பற்றி எழுதிய இடத்தில் சூதாட்ட விளம்பரம் வந்து குதித்தது. கடைசியில் இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். அங்கே படிப்பித்தவர் ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்ப ஓதினார்: தகவல் எழுதாதே, உன் கதையை எழுது. "நான்" வரட்டும், "நாங்கள்" வரட்டும். வாசிப்பவருக்குக் கண் கலங்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வைகாசிச் சடங்கு வந்தது. அப்பாவின் ஊர் அம்மன் கோயிலில் நல்லப்போடி குடிக்குத்தான் முதல் காளாஞ்சி. வெற்றிலையும் பாக்கும் வைத்த அந்தத் தட்டத்தை அவர்களுடைய பெரியவர் கையில் கொடுத்த பிறகுதான் மற்றக் குடிகளுக்கு. அப்பா அதைச் சொல்லும்போது கதிரையில் நிமிர்ந்து உட்காருவார். கம்சாயினி அதை எழுதினாள். சிறுபிள்ளையாகத் தானும் அந்தப் பந்தலில் நின்றதாக எழுதினாள். "எங்கள் குடியின் பெயரைக் கூப்பிட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது" என்று எழுதினாள். உண்மையில் அந்தச் சடங்குக்கு அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை.

அவளிடம் படமும் இல்லை. யாரோ முகநூலில் போட்டிருந்த படமொன்றை எடுத்துப் போட்டாள். வெள்ளை வேட்டியோடு ஒரு பெரியவர் காளாஞ்சி வாங்குகிறார். கீழே, "எங்கள் குடிப் பெரியவர்."

அந்தப் பெரியவர் இரத்தினம்மாவின் சொந்த அண்ணன்.

"உங்கட அண்ணன் இணையத்தில நிக்கிறார்" என்று யாரோ சுவிஸுக்கு அனுப்ப, இரத்தினம்மாவின் அக்கா வாசிக்க, அது சொந்தக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் விழ, கதை அங்கிருந்து கால் முளைத்து நடந்தது. இரண்டு வருடமாக வாசகர்களைத் தேடி அலைந்தவளுக்கு ஒரே கிழமையில் வாவியின் இரண்டு பக்கமும் வாசகர்கள்.

குசினிக்குள் சீதேவி மணலை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நேற்றுப் பின்னேரத்திலிருந்து அவள் மூத்த மகளோடு கதைக்கவில்லை. செதிலைச் சுரண்டும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

"அம்மா, நீங்க ஒருக்கா என்னோட கொக்கட்டிச்சோலைக்கு வாங்களன். நீங்க சொன்னா அவங்க நம்புவாங்க. நான் பிழையா எழுதிப்போட்டன்."

"பிழையில்ல," என்றாள் சீதேவி, மீனைப் பார்த்தபடி. "உனக்கு எது வடிவோ அதை எழுதியிருக்காய். அப்பாட குடிக்குக் காளாஞ்சி இருக்கு. என்ட அம்மாட குடிக்கு என்ன இருக்கு, எழுதுறதுக்கு?"

சண்டைக் காலத்தில் வாகரைப் பக்கமிருந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் சீதேவி. தாய் கண்ணகை சில வருடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். தாய்வழியில் இன்னார் என்று காட்ட இந்த ஊரில் அவளுக்கு ஒருவரும் இல்லை. ஆளைத் தெரியாத இடத்தில் அவளுடைய வாய்ச்சொல்தான் அவளுடைய குடி. இப்போது அதற்கும் சொந்த மகளே எதிர்ச் சாட்சி எழுதி உலகத்துக்குக் காட்டிவிட்டாள்.

"வந்த நாளில இருந்து ஆர் கேட்டாலும் சொல்லிச் சொல்லித்தான் இருக்கன். இன்னுமொருக்கா ஒரு வீட்டு வாசல்ல போய் நிண்டு சொல்ல என்னால ஏலா. எழுதினவள் போகட்டும்."

அப்பாவிடம் கேட்கலாம் என்றால் அவர் விடியவே வயல் வட்டைக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். அவர் இருந்தாலும் பெரிய உதவியில்லை. பதிவை வாசித்த நாளில் தேத்தண்ணிக் கடையில் நாலு பேருக்குப் படித்துக் காட்டிய மனிதர் அவர். அது அழிக்கப்பட்டது என்றதும் அவருக்கு வந்த முதல் கவலை, தன் குடியின் காளாஞ்சிக் கதை போய்விட்டதே என்பதுதான்.

கம்சாயினி ஸ்கூட்டியை எடுத்தாள்.

கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. பாலத்தில் ஏறியதும் அது பக்கவாட்டில் வந்து ஸ்கூட்டியைத் தள்ளியது. கீழே வாவி கலங்கிக் கிடந்தது. என்ன சொல்லித் தொடங்குவது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தாள். பாலத்தைத் தாண்டியபோது அத்தனையும் மறந்துவிட்டது.

இரத்தினம்மா முற்றத்துப் பாயில் மல்லி காயவைத்துவிட்டு, காற்றோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலையில் கல் வைத்தால் மறு மூலை எழும்பியது. கம்சாயினியைக் கண்டதும் "வா" என்று சொல்லவில்லை. "அந்த மூலையில கால வை," என்றாள்.

கம்சாயினி பாயின் மூலையில் காலை வைத்துக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்தவள் நிற்கும் கோலமா இது என்று அவளுக்கே எரிச்சல் வந்தது.

"மாமி, நான் எழுதினது பொய். எங்கட அம்மா வில்லியார் குடி. நாங்களும் அதுதான்."

"அது எனக்குத் தெரியாதா? குடி கேக்காமலா உங்கட வீட்டில வந்து சாப்பிட்டனான்?" இரத்தினம்மா இன்னொரு கல்லைத் தேடி எடுத்தாள். "என்ட அண்ணன்ட படத்தப் போட்டிருக்காயே, அவர் உனக்கு என்ன முறை?"

கம்சாயினி முழித்தாள்.

"பெரியப்பா முறை. கொப்பருக்கு அண்ணன் முறையெல்லா. அவருக்கென்ன, சந்தோசம். போற வாற ஆக்களுக்கெல்லாம் காட்டுறார். என்ட பாடுதான் நாய்ப்பாடு."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கம்சாயினி நின்றாள். இரத்தினம்மா சிரிக்கவில்லை. அவளுடைய கோபம் வேறு இடத்தில் இருந்தது. அதை அவள் மெல்ல எடுத்து வைத்தாள்.

சுவிஸ் அக்கா நல்ல மனிசி. நிதுர்ஷனைத் தூக்கி வளர்த்தவள். அவள் சம்மதமில்லாமல் இந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. பதிவை வாசித்ததும் அவள் யாரிடமும் வம்பளக்கவில்லை. அந்தப் பதிவின் கீழேயே மரியாதையாக எழுதிக் கேட்டாள்: தங்கச்சி, நீங்கள் யாருடைய மகள், தாய் என்ன குடி? பதில் வரவில்லை. சில நாள் பொறுத்து இன்னொரு தடவை கேட்டாள். அதற்கும் இல்லை. அதற்குப் பிறகுதான் குழுவில் போட்டாள்.

"மூண்டாம் தரம் போய்ப் பாத்தா பதிவே இல்ல," என்றாள் இரத்தினம்மா. "நீயே சொல்லு. அவ என்ன நினைப்பா?"

கம்சாயினிக்குக் காது சுட்டது. கருத்துகளைத் தன் அனுமதி இல்லாமல் வெளியே வரவிடாதபடி அவள்தான் பூட்டி வைத்திருந்தாள். ஆரம்பத்தில் தினமும் திறந்து பார்த்தாள். வந்ததெல்லாம் சூதாட்டமும் மெலிவதற்கு மாத்திரையும். சலித்துப்போய்ப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஒருவரும் எழுதவில்லை, ஒருவரும் எழுதவில்லை என்று அவள் மூக்கைச் சிந்திய நாட்களில், ஒரு பெண் இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள்.

"நான் காணல்ல மாமி."

"கண்டாலும் காணாட்டியும் அவக்கு ஒண்டுதான்." இரத்தினம்மா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "அழிச்சதைத் திருப்பிப் போடு. எழுதின மாதிரியே போடு. மேல பிழையைச் சொல்லு. உன்ட தாய்ட குடியச் சொல்லு. ஒளிச்சு வைச்ச ஆக்கள் எண்ட பேரோட நாங்க சம்மந்தம் செய்ய ஏலா. என்ட அண்ணன் சபையில நிக்கிறவர்."

"போடுறன் மாமி. வெள்ளிக்கிழமை..."

"முதல்ல போடு. பாப்பம்."

ஆனால் கம்சாயினி ஸ்கூட்டியைத் திருப்பியபோது பின்னாலிருந்து, தேத்தண்ணி குடிக்காமலா போறாய் என்று கேட்டாள். அந்தக் கேள்வியை ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வதா என்று யோசித்தபடியே கம்சாயினி நின்று குடித்தாள். சீனி கூடிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் உட்கார்ந்தாள். அழித்த பதிவு குப்பைக்கூடைப் பகுதியில் அப்படியே கிடந்தது; எடுத்துக்கொண்டாள். தலைப்புக்குக் கீழே திருத்தத்தை எழுதத் தொடங்கினாள். "சில தவறான புரிதல்கள் காரணமாக" என்று வந்தது. அழித்தாள். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று வந்தது. அழித்தாள். வகுப்பில் படித்ததெல்லாம் விரல் நுனியில் வந்து நின்று வழிமறித்தது. கண் கலங்க வைக்கும்படி ஒரு வரி எழுதினாள். வாசித்துப் பார்த்தாள். அதையும் அழித்தாள்.

தனுஷியா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "இன்னும் எழுதி முடியல்லையா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரலில் இருந்த களைப்பு, காலையில் இருந்த கோபத்தைவிடக் கம்சாயினியை அதிகம் சுட்டது.

கடைசியில் போனோடு குசினிக்குப் போனாள்.

"அம்மா, அம்மம்மாட ஊரை என்னெண்டு எழுதுற?"

சீதேவி அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தாள். பதில் வராது என்று நினைத்துக் கம்சாயினி திரும்பி நடக்கப் பார்த்தபோது ஊரின் பெயர் வந்தது. வாகரைக்கு அங்கால், கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு சின்னக் குடியிருப்பு. கம்சாயினி அந்தப் பெயரை முதல் தடவையாகக் கேட்டாள்.

அந்த ஊரின் பெயரையும் சேர்த்து, எழுதியதை வாசித்துக் காட்டினாள். நான் நல்லப்போடி குடி அல்ல. அது என் அப்பாவின் குடி. நான் வில்லியார் குடி. என் அம்மா சீதேவி, அவருடைய அம்மா கண்ணகை. அந்தச் சடங்கில் நான் நின்றதில்லை. படத்தைக் கேட்காமல் எடுத்தேன். கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லவில்லை, பிறகு பதிவையும் அழித்தேன். கண்ணகை வாகரைப் பக்கமிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தவர்.

"'ஓடி வந்தவ' எண்டு எழுதாத," என்றாள் சீதேவி. "'வந்தவ' எண்டு எழுது."

கம்சாயினி அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு வெளியிட்டாள். பூட்டி வைத்திருந்த கருத்துகளையும் திறந்துவிட்டாள். சுவிஸ் பெரியம்மாவின் இரண்டு கேள்விக்கும் கீழே, பெயரைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினாள். விளம்பரங்களை நிறுத்தினாள். பிறகு செய்ய ஒன்றுமில்லாமல் மேசையில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.

பகல் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. தனுஷியா தன் போனை மார்பில் வைத்தபடி விறாந்தைக்கும் அறைக்குமாக நடந்தாள். வெயில் சாய்ந்த நேரத்தில் அது அடித்தது.

இரத்தினம்மா. தனுஷியா ஓடிப்போய் வளவுக்குள் கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டின் படியில் நின்று பேசினாள். அது அவளுக்கென்று எழும்பும் வீடு. இன்னும் கூரை ஏறவில்லை. கம்சாயினி விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையின் தோள் மெல்ல இறங்கியது தெரிந்தது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று விளங்கவில்லை. "ஓம் மாமி," என்றாள் தனுஷியா. திரும்பவும் "ஓம் மாமி." கடைசியாகச் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"ஓம் மாமி. அக்கா இனி எழுத மாட்டா."

வந்தவள் மூச்சு வாங்கினாள். முகத்தில் நேற்றைக்குப் பிறகு முதல் தடவையாக வெளிச்சம். வெள்ளிக்கிழமை வருகிறார்கள். சுவிஸ் பெரியம்மா வாசித்துவிட்டு அழுதாளாம், சீதேவியோடு கதைக்க வேண்டும் என்றாளாம். ஒன்று மட்டும். சம்மந்தம் ஆனபிறகு வீட்டுக் கதை வெளியே போகக் கூடாது. வாவிக்கரையை இன்றைக்கே மூடிவிட வேண்டும்.

"என்னைக் கேக்காம எப்பிடி ஓம் எண்டாய்?"

"நீ ஆரைக் கேட்டு எழுதினாய்?" தனுஷியா கையை நீட்டினாள். "உன்னோட எனக்குச் சண்டை பிடிக்க ஏலா அக்கா. போனைத் தா. நானே மூடுறன்."

இரண்டு வருடம் ஒருவரும் வாசிக்காத ஒன்றை மூடுவதற்கு இவ்வளவு வலிக்குமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சரி, கொடுத்துவிடுவோம். தங்கையின் வாழ்க்கையைவிட இது என்ன பெரிது? போனை நீட்டியவள், மூடுவதற்கு முன் பழக்கதோஷத்தில் திரையை ஒரு தடவை பார்த்தாள்.

புதிதாக ஒரு கருத்து. சூதாட்டம் இல்லை, மாத்திரை இல்லை.

"நான் ஓட்டமாவடி நிஸ்மியா. சீதேவியும் நானும் சின்ன வயசில் ஒரே வாங்கில இருந்து படிச்ச ஆக்கள். கண்ணகை மாமிட தங்கச்சி இன்னும் இருக்கா. அக்காவும் மகளும் சண்டையில அண்டைக்கே செத்துப்போனதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கா. தங்கச்சி, இதுக்கு மட்டும் பதில் போடுங்க."

"தா அக்கா," என்றாள் தனுஷியா.

கம்சாயினி போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கொடுக்கவில்லை. தங்கையைத் தாண்டிக் குசினி வாசலுக்குப் போனாள்.

"அம்மா," என்றாள், "நிஸ்மியா எண்டுறது ஆரு?"

உள்ளே சட்டி கழுவும் சத்தம் நின்றது.